இறந்தவளின் சவுரி

சவுரியக்காவுக்கு அந்தப் பெயர் குதிரைகளால் வந்தது. அதற்கு முன்னால் அவள் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தாள். கட்டிக்கொண்டவர் லாரி ஓட்டுகிறவர். குதிரைகளை ஏற்றிக்கொண்டு கண்காட்சிக்குக் கண்காட்சி போய்வருவதுதான் அவர் பிழைப்பு. ஒருமுறை பொழுது போகாமல் அவரோடு கூடப் போனவள், வால் மெலிந்து கிடந்த ஒரு குதிரையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, தன் பெட்டியில் இருந்த நீளமான சவுரி ஒன்றை எடுத்து அதன் வாலோடு பின்னிவிட்டாள். அந்தக் குதிரை பரிசு வாங்கிவிட்டது. அன்றிலிருந்து போகிற லாயத்தில் எல்லாம், "சவுரியக்கா, சவுரியமா?" என்று கேட்டுத் தாங்களே சிரித்துக்கொள்கிறவர்கள் பெருகிப்போனார்கள்.

அவளுக்கும் இந்த வேலை பிடித்துவிட்டது. "மணப்பொண்ணுன்னா மூக்கு எடுப்பா தெரியலேன்னு சிணுங்குவா. அவ அம்மா ஒண்ணு சொல்லுவாங்க, மாமியார் ஒண்ணு சொல்லுவாங்க. குதிரைகிட்ட அந்தப் பிக்கல் பிடுங்கல் கிடையாது. நிக்கச் சொன்னா நிக்கும்" என்பாள். குளம்புக்குக் கறுப்புப் பூச்சு, கண்ணைச் சுற்றி மினுமினுக்க எண்ணெய், காதுக்குள் மண்டியிருக்கும் மயிரை ஒட்ட மழிப்பது, மூக்கிலும் தாடையிலும் கண்ணோரத்திலும் நீட்டிக்கொண்டிருக்கும் மீசையைச் சுத்தமாக எடுப்பது என்று எல்லாம் அவளுக்கு அத்துப்படி. பெண் குதிரைக்கு எதற்கு மீசை என்று சொல்லிக்கொண்டே மழிப்பாள். நடுவர்களுக்கு வழவழப்பான முகம்தான் பிடிக்கும்.

அவள் கை பட்ட குதிரைகளில் பேர் பெற்றது மை. கண்ணுக்குத் தீட்டுகிற மை போலவே கறுப்பு. வால் தரையைத் தொடும். ஊருக்கு வெளியே பெரிய லாயம் வைத்திருந்த ஒரு மனிதரின் குதிரை அது. அவரை எல்லோரும் ஐயா என்பார்கள். மனைவி போன பிறகு அவருக்கு இருந்தது ஒரே மகளும் அந்தக் குதிரையும்தான். மகள் மையின் மேலேயே வளர்ந்தாள் என்று சொல்லலாம். சென்ற ஆண்டு பயிற்சியில் தடையைத் தாண்டும்போது மை விழுந்தது. மகள் அதன் அடியில் மாட்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்ததே பெரிது என்றார்கள். குதிரையும் தேறிவிட்டது என்றுதான் சவுரியக்கா கேள்விப்பட்டிருந்தாள்.

அதனால் ஐயா கூப்பிட்டு, "மை இந்த வருஷம் கண்காட்சிக்குப் போறா, வந்துடும்மா" என்றபோது சந்தோஷமாகவே கிளம்பினாள். கண்காட்சி முடிகிறவரை லாயத்துப் பக்கத்து அறையில் தங்கிக்கொள்வதாக ஏற்பாடு. கணவர் லாரியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார்.

லாயம் நீளமாக, நடுவில் சிமென்ட் தரையும் இரண்டு பக்கமும் மரத்தடுப்பு அறைகளுமாக இருந்தது. வைக்கோல் வாசனையும் நனைந்த தோல்வாரின் வாசனையும் கலந்து அடித்தன. மையின் கொட்டிலில் ஒரு கறுப்புக் குதிரை நின்றது. சவுரியக்கா வாஞ்சையோடு அதன் நெற்றியில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றுவிட்டது.

மையின் நெற்றியில் இரட்டைச் சுழி உண்டு. அலங்காரம் செய்யும்போதெல்லாம் அவள் விரலால் அதை வருடிப் பழக்கம். இந்த நெற்றியில் ஒரே சுழி. குனிந்து வயிற்றுப் பக்கம் மயிரைப் பிரித்துப் பார்த்தாள். அடியில் பழுப்பு. யாரோ சாயம் ஏற்றியிருந்தார்கள்.

"கண்டுபிடிச்சிட்டியா?" என்று பின்னாலிருந்து ஐயாவின் குரல் வந்தது. அவர் எப்போது வந்து நின்றார் என்றே தெரியவில்லை. "மை அன்னைக்கே போயிட்டா. காலு ரெண்டா ஒடிஞ்சிருச்சு. பிழைக்காதுன்னு டாக்டர் அங்கேயே ஊசி போட்டு முடிச்சிட்டார். இவ அவளோட தங்கச்சி. வேற பண்ணையில இருந்தா, வாங்கிட்டு வந்தேன்."

"பாப்பாவுக்கு?"

"பாப்பாவுக்குத் தெரியாது. மயக்கத்துல இருந்தா. கண்ணு முழிச்சதும் கேட்ட முதல் வார்த்தையே மை எப்படியிருக்கான்னுதான். நல்லாயிருக்கான்னு சொல்லிட்டேன். அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் எழுந்து நடந்தா. இப்பப் போய் எப்படிம்மா சொல்றது? கண்காட்சியில அவ கையால மையைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து வரணுமாம். அது ஒண்ணு முடியட்டும்."

சொல்லிவிட்டு, கையிலிருந்த துணிப்பொதியை அவிழ்த்தார். உள்ளே நீளமான கறுப்பு மயிர்க்கற்றை, அடியில் நூல் போட்டு இறுகக் கட்டியிருந்தது. சவுரியக்காவுக்கு அதை யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனை தடவை சீவிய வால்!

"தூக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி வெட்டி எடுத்து வச்சேன்" என்றார் ஐயா. "இவளுக்கு வால் சின்னது. நீ பின்னிவிட்டாத்தான் சரியா வரும்."

அவள் கற்றையை வாங்காமல் பெட்டியின் பூட்டைத் திருகிக்கொண்டிருந்தாள். ஆனாலும் ஒரு தகப்பன் தன் பிள்ளைக்காகக் கேட்கிறார். கேட்பது அவள் நாள் தவறாமல் செய்கிற வேலையைத்தான். முடியாது என்று எப்படிச் சொல்வது? பெட்டியைத் திறந்தாள்.

பக்கத்துக் கொட்டிலில் வயதான வெள்ளைக் குதிரை ஒன்று இருந்தது. கிழவன் என்று கூப்பிடுவார்கள். மை குட்டியாக இருந்த காலத்திலிருந்தே அதற்குத் துணை. அவள் வாலைப் பின்னத் தொடங்கியதும் அதுவரை மூலையில் தூங்கிக்கொண்டிருந்த கிழவன் தடுப்பருகே வந்து, கம்பிகளுக்கு இடையே மூக்கை நுழைத்து, நீளமாக மூச்சை உள்ளே இழுத்தான். மேலுதடு சுருண்டு ஏறியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு முனகல் கிளம்பியது. குதிரை தன் குட்டியைக் கூப்பிடுகிற மாதிரி, அத்தனை தாழ்ந்த சத்தம். தங்கச்சிக் குதிரை மிரண்டு எதிர்ச் சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. கிழவன் அதன் முகத்தைப் பார்க்கவேயில்லை. அதன் பின்புறத்தையே பார்த்தான். அதற்குப் பின்னால் வேறு யாரோ நிற்பது போல.

மாலையில் மகள் வந்தாள். கைத்தடி ஊன்றி, ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள். மகள் கொட்டில் கதவைத் திறந்து, குதிரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "மை… என் மை" என்றாள். கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. நெற்றியைத் தடவினாள். ஒற்றைச் சுழி மேல் அவள் விரல் போய் வந்தது. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. கதவருகே நின்ற ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

இவ்வளவு எளிதாகவா ஒரு பிள்ளை ஏமாறும் என்று சவுரியக்காவுக்கு உள்ளுக்குள் என்னவோ செய்தது.

அடுத்த நாள் மீசையை எடுத்தாள். குதிரை தலையைத் தூக்கித் தூக்கித் தட்டியது. தாடையைக் கையால் அணைத்துப் பிடித்து, பேசிப் பேசியே மழித்தாள். முகம் பட்டுப்போல ஆயிற்று. தண்ணீர் வாளியை வைத்தாள். குதிரை குனிந்தது. தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று அதற்குத் தெரியவில்லை. மூக்கை மொத்தமாக உள்ளே விட்டு, புரையேறி, திமிறிக்கொண்டு பின்வாங்கியது. மறுபடி குனிந்தபோது வாளியின் விளிம்பில் பல் இடித்தது. அதன்பிறகு வாளியிடம் போகவேயில்லை. தாகத்தோடு தூரத்தில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தது.

மழித்த குதிரைகள் எல்லாமே இப்படித் தடுமாறியிருக்கும். கண்காட்சி நாளில் வந்து, மழித்துவிட்டு, பெட்டியை மூடிக்கொண்டு போகிறவளுக்கு அது எப்படித் தெரியும்? கூடவே தங்கிப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. தீவனத் தொட்டியில் முகம் இடித்தது. கதவின் தாழ்ப்பாளில் இடித்தது. தன் மூக்குக்கு நேர் முன்னால் இருப்பதைக் குதிரையின் கண்ணால் பார்க்க முடியாது, அந்த இடத்தை அது மீசையால்தான் பார்க்கும் என்று எப்போதோ ஒரு டாக்டர் சொன்னதும், சரி சரி என்று தலையாட்டிவிட்டுத் தான் மழித்ததும் அவளுக்கு நினைவு வந்தன. காதுக்குள் மயிர் இல்லாததால் பூச்சிகள் நேராக உள்ளே போயின. வாலை வீசி விரட்டலாம் என்றால் வால் அதனுடையது இல்லை. தன் அக்காவின் கனத்தைத் தூக்க முடியாமல் தூக்கி, பாதியிலேயே போட்டுவிட்டது.

விடிந்ததும் விடியாததுமாக லாயத்தில் பேச்சுக்குரல் கேட்டு எட்டிப் பார்த்தாள். ஐயா தனியாகக் கொட்டிலில் நின்றிருந்தார்.

"என்ன மை, தூங்கவே இல்லையா? கண்ணெல்லாம் சிவந்திருக்கு. வயசாகுதில்ல உனக்கும்…"

அங்கே மகள் இல்லை. கேட்பதற்கு வேறு யாரும் இல்லை. சவுரியக்காவைப் பார்த்ததும் அவர் சிரித்தார். "போன வருஷத்தைவிட இப்ப இவ நடை நல்லா வந்திருக்கு, கவனிச்சியா?"

"ஐயா, போன வருஷம் இவ இங்க இல்லையே. இது மை இல்லையே."

அவர் கண் கொட்டாமல் அவளைப் பார்த்தார். பிறகு, "ஆமா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆமாமா" என்று சொல்லிக்கொண்டே வெளியே போனார்.

அன்று மதியம் மகள் தோல்வார்கள் தொங்கும் அறைக்கு வந்து, சவுரியக்காவின் எதிரில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்தாள். கைத்தடியால் தரையைக் கீறிக்கொண்டிருந்தவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே?"

"என்னது பாப்பா?"

"அது மை இல்லேன்னு."

சவுரியக்கா கையிலிருந்த சீப்பை மடியில் வைத்தாள்.

"நான் மயங்கவே இல்லக்கா. கண்ணைத் திறக்க முடியல, அவ்வளவுதான். எல்லாம் கேட்டுச்சு. டாக்டர் அப்பாகிட்ட ஊசி போட அனுமதி கேட்டது கேட்டுச்சு. அப்பா சரின்னு சொன்னது கேட்டுச்சு. மையோட மூச்சு என் முதுகுல சூடா பட்டுக்கிட்டே இருந்தது. அப்புறம் படல."

"அப்புறம் ஏன் பாப்பா…"

"ஆஸ்பத்திரியில நான் கேட்டது அப்பா உண்மையைச் சொல்லுவாரான்னு பார்க்கத்தான். அவர் நல்லாயிருக்கான்னு சொன்னார். சொன்னப்ப அவர் முகத்தைப் பார்க்கணுமே! பொய் சொல்ற முகமே இல்ல. நிஜமாவே நம்புறார்னு தோணுச்சு. அம்மா போனப்பவும் இப்படித்தான், ரொம்ப நாள் அவங்களுக்கும் சேர்த்துத் தட்டு வச்சார். இப்ப இதையும் உடைச்சா மனுஷர் தாங்குவாரா? தயவுசெஞ்சு அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. கண்காட்சி முடியட்டும்."

அப்பா சொன்ன அதே வார்த்தை. சவுரியக்கா சீப்பில் சிக்கிய மயிரை எடுக்கத் தொடங்கினாள். யாருக்கு வாக்குக் கொடுத்தோம், யாரிடம் எதை மறைக்க வேண்டும் என்று தலைகால் புரியவில்லை.

மகள் எழுந்து வாசல் வரை போய்த் திரும்பினாள். "ஒண்ணு சொல்லட்டுமா? மைன்னு கூப்பிட்டா இவ திரும்புறாக்கா. மை மாதிரியே இடது காதை மட்டும் முதல்ல திருப்புறா. நான் கத்துக்கொடுக்கல. சில நேரம் எனக்கே சந்தேகமா இருக்கு."

மாலையில் கணவர் தீவன மூட்டைகளோடு வந்தார். லாரியின் படியில் உட்கார்ந்து அவள் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"நல்ல குடும்பம்டி! அப்பன் மகளுக்காக நடிக்கிறான், மக அப்பனுக்காக நடிக்கிறா. சம்பளம் வாங்காம இத்தனை நல்லா யாரும் நடிக்க மாட்டாங்க" என்று சிரித்தார் அவர். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தணித்தார். "சரி, உனக்கென்ன? அவங்களுக்குள்ள பாசம். நடுவுல போய் நீ ஏன் தலையைக் கொடுக்கிற?"

"நடுவுல நான் இல்லைங்க. நடுவுல அந்தக் குதிரைதான் நிக்குது."

அவர் லாயத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். கிழவனின் முனகல் அங்கிருந்து கேட்டுக்கொண்டிருந்தது. "இந்தச் சத்தம் எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வண்டியை எடுத்தார்.

கண்காட்சிக்கு முந்தின நாள் காலையில் கொட்டிலில் ரத்தம் கிடந்தது. வைக்கோல் வைக்கும் கூடையின் கம்பி நுனி ஒன்று வெளியே நீட்டிக்கொண்டிருந்திருக்கிறது. குதிரையின் இடது இமை கிழிந்து தொங்கியது. டாக்டர் வந்து மரத்துப்போக ஊசி போட்டுத் தையல் போட்டார். கிளம்பும்போது, "மயிரிழையில கண்ணு தப்பிச்சது. கண்ணைச் சுத்தியிருந்த மீசையை எடுத்துட்டீங்க, பாருங்க. இருந்திருந்தா கம்பி அதுலதான் முதல்ல பட்டிருக்கும், தலையை இழுத்திருக்கும்" என்றார். சவுரியக்காவைப் பார்த்துச் சொல்லவில்லை. பொதுவாகச் சொன்னார். அதுவே அவளுக்குப் போதும்.

குதிரை தலையைத் தொங்கப் போட்டு நின்றது. ஒரு பக்கம் ஐயா, ஒரு பக்கம் மகள்.

"ஏம்மா, கண்ணைச் சுத்திக் கறுப்பைக் கொஞ்சம் அழுத்திப் பூசினா தையல் தெரியாதில்ல?" என்றார் ஐயா. சொல்லும்போது அவர் பார்த்தது மகளை.

"தெரியாதுப்பா. மைக்கு ஒண்ணும் ஆகல. நாளைக்குப் போயிடலாம்" என்றாள் மகள். அவள் பார்த்தது அப்பாவை.

குதிரையை இருவரும் பார்க்கவில்லை. அந்தக் கணத்தில் சவுரியக்காவுக்கு ஒன்று புரிந்தது. இந்த இரண்டு பேரும் நாளைக்கு மட்டுமல்ல, இந்தக் கண்காட்சி முடிந்தால் அடுத்தது, அதுவும் முடிந்தால் அதற்கு அடுத்தது என்று, ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொண்டே இருப்பார்கள். இந்தக் குதிரை செத்தாலும் இன்னொரு தங்கச்சி வரும். அதற்கும் இந்த வாலைக் கட்ட ஒருத்தி வருவாள்.

பெட்டியிலிருந்து மயிர் வெட்டும் மின்கருவியை எடுத்தாள். அது உறுமியதும் ஐயா, "எதுக்கும்மா அது?" என்றார். அவள் அதைக் குதிரையின் தோளில் வைத்து மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு இழுத்தாள். கறுப்பு மயிர் கொத்தாக உதிர்ந்தது. அடியில் வெளிர்ப் பழுப்பாக ஒரு பட்டை தெரிந்தது.

"என்ன பண்றே!"

"அக்கா, வேண்டாம்!"

"ரெண்டு பேருக்கும் தெரியும்" என்றாள் சவுரியக்கா. கருவியை நிறுத்தாமலே பேசினாள். "ஐயா, பாப்பா அன்னைக்கு மயங்கல. எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தா. பாப்பா, உங்க அப்பாவே என்கிட்ட சொன்னார், இது தங்கச்சின்னு. நீங்க ஒருத்தர்கிட்ட ஒருத்தர் மறைக்கிறதுக்கு இந்த வாயில்லாப் பிராணி ஏன் குருடாகணும்? என்னால ஆகாது. நானும்தான் பண்ணேன், இல்லேன்னு சொல்லல. இனிமே ஆகாது."

இன்னொரு பட்டை. இன்னொன்று. யாரும் தடுக்கவில்லை. பிறகு பின்னால் போய் வாலின் பின்னலை அவிழ்த்தாள். மையின் மயிர் கற்றையாகக் கையில் வந்தது. அதை வைக்க இடம் தெரியாமல் கிழவனின் தடுப்பின் மேல் போட்டாள். கிழவன் அதில் மூக்கைப் புதைத்தான். இத்தனை நாளாக ஓயாமல் கேட்ட முனகல் நின்றுபோனது. அப்போதுதான் லாயம் எவ்வளவு அமைதியான இடம் என்று தெரிந்தது.

ஐயா ஒரு கவிழ்த்த வாளியின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் செத்துப்போயிருந்தது.

"நான் சரின்னு சொன்னது உனக்குக் கேட்டுச்சா?" என்றார் மகளிடம்.

"கேட்டுச்சுப்பா."

"வேற வழியில்லம்மா."

"தெரியும்பா. அதைத்தான் சொல்லணும்னு இருந்தேன். எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மகள் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். மை செத்து ஓராண்டு கழித்து அதற்காக அந்த வீட்டில் யாராவது அழுதது அன்றுதான்.

கொஞ்ச நேரம் கழித்து மகள் நிமிர்ந்து குதிரையைப் பார்த்தாள். பாதி கறுப்பும் பாதி பழுப்புமாக, ஒரு கண் வீங்கி, குட்டை வாலை இப்படியும் அப்படியுமாக வீசிக்கொண்டு அது நின்றது. வாலைத் தூக்க முடிகிறது என்பதே அதற்கு ஆச்சரியம் போல.

"இவ பேரு என்னப்பா?"

ஐயா யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். "தெரியலயேம்மா" என்றார் கடைசியில். "நான் கேக்கவே இல்ல."

அவர்கள் கண்காட்சிக்குப் போகவில்லை. ஐயா சவுரியக்காவைத் திட்டவுமில்லை, மறுபடி கூப்பிடவுமில்லை. அவள் போகிற இடங்களில், குளிப்பாட்டுகிறேன், சீவிப் பின்னுகிறேன், குளம்பைத் துடைக்கிறேன், மீசையிலும் காதிலும் கை வைக்கமாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டாள். அப்படியானால் நீ எதற்கு என்று பலர் கதவைச் சாத்தினார்கள். மூளை குழம்பிவிட்டது என்றும் ஒரு பேச்சு கிளம்பியது. சிலர் மட்டும் தலையைச் சொறிந்துவிட்டு, சரி, மீசையோடேயே நிறுத்திப் பார்ப்போம் என்றார்கள். கணவர் கொஞ்ச நாள் முணுமுணுத்தார். பிறகு அவரே லாயக்காரர்களிடம், "எங்க வீட்டம்மா முகத்துல கை வைக்காது, மத்ததெல்லாம் பார்த்துக்கும்" என்று முந்திக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு மதியம் லாரி ஐயாவின் வேலியோரமாகப் போனது. சவுரியக்கா கண்ணாடியை இறக்கினாள். புல்வெளியில் தங்கச்சிக் குதிரை தனியாக நின்றது. முழுப் பழுப்பாகிவிட்டிருந்தது. மூக்கைச் சுற்றி மீசை நன்றாக வளர்ந்து, அதில் மழைத்துளிகள் கோத்திருந்தன. பக்கத்தில் மரமோ வேலியோ எதுவும் இல்லை. குதிரை கழுத்தை மெல்ல நீட்டி, வெறும் காற்றில் ஓரிடத்தில் மூக்கை நிறுத்தி, மேலும் கீழுமாக, மிகவும் மெதுவாக, மீசையால் எதையோ தடவிக்கொண்டிருந்தது. தன் முகத்தின் உயரத்திலேயே இருக்கும் இன்னொரு முகத்தைத் தடவுகிற மாதிரி. அப்புறம் இடது காதை மட்டும் முன்னால் திருப்பியது.

"என்ன, நிறுத்தட்டுமா?" என்று கேட்டார் கணவர்.

"வேண்டாம், போங்க" என்றாள் அவள்.